லே வரை பைக்கில்: எதை முடிச்சுப் போடுவது, எதை அவிழ்த்து விடுவது

லடாக் கிளம்புகிறவர்களின் எக்செல் ஷீட்டை ஒரு தடவை மேலிருந்து கீழே பார்த்தால் போதும், அந்தப் பயணம் எந்த வரியில் உடையப்போகிறது என்று சொல்லிவிடலாம். 24 நாள், 24 வரி. ஒவ்வொரு வரியிலும் புறப்படும் ஊர், சேரும் ஊர், கிலோமீட்டர், முன்பணம் கட்டிய ஹோட்டலின் பெயர். ஜம்மு வரை எல்லாம் கோடு போட்டதுபோல நடக்கும். அதற்கப்புறம் ராம்பன் பக்கம் மலை சரிந்து சாலையை மூடிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் போச்சு. அந்த நாளை எங்கிருந்து எடுப்பது? ஷீட்டில் காலியாக ஒரு வரிகூட இல்லை. எனவே லேயில் 'ரெஸ்ட்' என்று போட்டிருக்கும் வரியில் கை வைப்பார்கள். பார்த்தால் சும்மா இருக்கும் நாள் போலத் தெரிவது அது ஒன்றுதானே. உடம்பு உயரத்துக்குப் பழகும் அந்த நாளை வெட்டிவிட்டு, மறுநாளே கர்துங் லா ('லா' என்றால் கணவாய்) ஏறி, அதற்கடுத்த நாள் பாங்காங் ஏரிக்கரையில் 4,200 மீட்டருக்கு மேல் படுத்து, நள்ளிரவில் ஆக்சிஜன் சிலிண்டர் தேடி அலைவது இப்படித்தான் தொடங்குகிறது.

'போற போக்குல பாத்துக்கலாம்' என்று கிளம்புகிறவர்களுக்குக் கதை வேறு. சமவெளியில் அவர்களுக்கு ஒன்றும் ஆகாது. எங்கே போனாலும் லாட்ஜ் உண்டு, பங்க் உண்டு, பங்க்சர் கடை உண்டு. அந்த நம்பிக்கையிலேயே, மணாலியிலிருந்து ஏறும் வழியில் பங்க் உள்ள 'தாண்டி' என்னும் ஊரில் டேங்க் நிரப்பாமல் மேலே ஏறுவார்கள். மதியம் மூன்று மணிக்கு, பனி உருகி இடுப்பளவு ஓடும் ஓடையின் முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு நிற்பார்கள்.

என் அபிப்பிராயம் இது: லே சாலையில் முடிச்சுப் போட வேண்டியவை நான்கே நான்கு. ஒவ்வொரு இரவும் படுக்கும் இடத்தின் உயரம், ஒரு பெட்ரோல் பங்கிலிருந்து அடுத்ததற்கு உள்ள தூரம், மலையில் காலை புறப்படும் நேரம், கையில் உள்ள காலி நாட்கள். இந்த நான்கும் இறுக்கமாக இருந்தால் ஊர், ஹோட்டல், கிளைச்சாலை எல்லாவற்றையும் போகும்போது முடிவு செய்யலாம். இந்த நான்கில் ஒன்று தளர்ந்தாலும் மற்றவற்றில் உங்களுக்குச் சுதந்திரம் கிடையாது. சாலை சொல்வதைத்தான் நீங்கள் கேட்க வேண்டியிருக்கும்.

எந்தப் பக்கம் ஏறுவது

தமிழ்நாட்டிலிருந்து போகிறவருக்கு என்.எச். 44 ஒரு வரம். கன்னியாகுமரி, மதுரை, கரூர், சேலம், கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூரு, ஐதராபாத், நாக்பூர், ஜான்சி, ஆக்ரா, டெல்லி, ஜம்மு, கடைசியில் ஸ்ரீநகர். ஒரே எண், ஒரே சாலை. அதில் போய் ஸ்ரீநகர் வழியாக ஏறுங்கள், மணாலி வழியாக இறங்குங்கள். மாற்றிச் செய்ய வேண்டாம். காரணம் முழுக்க முழுக்க உயரம்தான்.

ஸ்ரீநகர் ஏறக்குறைய 1,600 மீட்டர். அடுத்த இரவு கார்கில், 2,700-க்குச் சற்றுக் கீழே. இடையில் சோஜி லா 3,528 மீட்டர், ஆனால் அதைத் தாண்டி மறுபக்கம் இறங்கிவிடுகிறீர்கள். மறுநாள் ஃபோட்டு லா 4,108 மீட்டர். ஏறி இறங்கி, இரவு லேயில் 3,500. பகலில் உயரே போய் இரவில் கீழே படுப்பது உடம்புக்கு நல்ல பழக்கம். கார்கிலிலிருந்து லேக்கு ஒரே நாளில் 800 மீட்டர் கூடுகிறது. 3,000 மீட்டருக்கு மேல் படுக்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவத்தின் பொதுக் கணக்கு. அந்த வித்தியாசத்துக்கு ஈடாகத்தான் லேயில் இரண்டு முழு நாள்.

மணாலிப் பக்கம் பாருங்கள். மணாலி 2,050 மீட்டர். 2020 அக்டோபரில் அடல் சுரங்கம் திறந்ததிலிருந்து ரோத்தங் கணவாய் ஏற வேண்டியதில்லை, 9 கி.மீ. சுரங்கத்தில் நுழைந்தால் 3,100 மீட்டரில் வெளியே வந்துவிடலாம். வசதிதான். ஆனால் ஜிஸ்பாவில் 3,200-இல் ஓர் இரவு படுத்துவிட்டு, அடுத்த இரவு சர்ச்சு கூடாரத்தில் 4,200-க்கு மேல். ஒரே நாளில் ஆயிரம் மீட்டர். அங்கே தலைவலியும் வாந்தியும் வந்தால் எங்கே இறங்குவது? சர்ச்சு ஒரு தொட்டி. லே பக்கம் போனால் 5,000 மீட்டரைத் தாண்டிய லாச்சுலுங் லா. மணாலி பக்கம் திரும்பினால் 4,800-ஐத் தாண்டிய பாரலாச்சா லா. மலை நோய்க்கு முதல் மருந்து கீழே இறங்குவது. அந்த மருந்தை எடுக்கவே மேலே ஏற வேண்டிய இடம் சர்ச்சு. எட்டுப் பத்து நாள் லடாக்கில் பழகிய உடம்போடு திரும்பி வரும்போது அதே கூடாரத்தில் நிம்மதியாகத் தூங்கலாம்.

ஆகவே ஷீட்டில் ஹோட்டல் பெயர் இருக்கும் கட்டத்தை அழித்துவிட்டு அங்கே 'இரவு உயரம்' என்று எழுதுங்கள். எழுதிப் பார்த்தால் சில விஷயம் தானாகப் புலப்படும். லேயில் பழகியபின் முதலில் நுப்ரா பள்ளத்தாக்கு: திஸ்கித், ஹுந்தர் எல்லாம் லேயைவிடத் தாழ்வு, 3,100 மீட்டர் அளவில். வழியில் கர்துங் லா 5,300-ஐத் தாண்டினாலும் அங்கே பத்து நிமிடம் நின்றுவிட்டு இறங்கப்போகிறீர்கள். பாங்காங் அதற்குப் பிறகுதான். அங்கேகூட ஏரிக்கரைக் கூடாரத்தைவிட, நாற்பது கி.மீ.க்குள் இருக்கும் தாங்சேயில் படுத்துவிட்டு விடிகாலையில் ஏரிக்குப் போவது நல்லது. முந்நூறு மீட்டர் தாழ்வு, காற்றும் குறைவு. ஏரியின் நீலம் எப்படியும் வெயில் ஏறிய பிறகுதான் தெரியும்.

மாத்திரை பற்றி ஒரு வார்த்தை. அசிட்டசோலமைட், கடைகளில் டயமாக்ஸ். தடுப்புக்கு வழக்கமான அளவு 125 மி.கி. காலை, மாலை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து. சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆகாது, எனவே ஊரிலேயே மருத்துவரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். விரல் நுனி மரத்ததுபோல் குறுகுறுக்கும், அடிக்கடி சிறுநீர் போகும். அவை மருந்தின் வேலை. தலைவலியோடு குமட்டலோ அசதியோ சேர்ந்தால் அன்று மேலே ஏறக் கூடாது. நேர்கோட்டில் குதிகாலும் விரலும் ஒட்டி நடக்கச் சொன்னால் தள்ளாடுகிறார், பேச்சு குழறுகிறது, அல்லது சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கி இருமுகிறார் என்றால் அந்த நிமிடமே ஜீப் பிடித்து இறக்க வேண்டும். வண்டி அங்கேயே கிடக்கட்டும்.

பெட்ரோல் கணக்கு

தாண்டி பங்கில் ஒரு பலகை பல ஆண்டுகளாக எல்லோருடைய போட்டோவிலும் வரும்: அடுத்த பங்க் 365 கி.மீ. தூரத்தில் என்று. அது லே வரையிலான தூரம். லேக்கு 35 கி.மீ. முன்னால் காருவில் பங்க் இருப்பதால் 330 என்று வைத்துக்கொள்ளலாம். வழியில் தாபாக்களில் பாட்டிலில் விற்பார்கள். விலையும் தரமும் அவர்கள் வைத்தது. அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

சமவெளி மைலேஜில் கால் பங்கைக் கழித்துவிட்டுத்தான் மலைக்குக் கணக்குப் போட வேண்டும். 5,300 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறையப் பாதி. எஞ்சின் மூச்சு வாங்கும், முதல் இரண்டு கியரிலேயே மணிக்கணக்கில் ஏறும். உதாரணத்துக்கு 13 லிட்டர் டேங்க், சமவெளியில் லிட்டருக்கு 34 கி.மீ. தரும் வண்டி. கால் பங்கு போனால் 25. கடைசி 1 லிட்டரைத் தொடாமல் வைத்தால் 12 லிட்டரில் 300 கி.மீ. திரும்பும் வழியில் காருவில் நிரப்பித் தாண்டி வரை 330 வேண்டும். அதற்கே போதாது.

இப்போது இன்னொரு தூரத்தைச் சேருங்கள். தங்லங் லா இறங்கியதும் டெப்ரிங் வரும்; அங்கிருந்து ஒரு கிளைச்சாலை சோ கர் ஏரிக்குப் பிரிகிறது. வெள்ளை உப்புக்கரை, கியாங் என்னும் காட்டுக் கழுதைகள், பருவத்தில் கருங்கழுத்துக் கொக்குகள். போய்வர ஏறக்குறைய 50 கி.மீ. மொத்தம் 380. இருபத்தைந்தால் வகுத்தால் 15.2 லிட்டர், டேங்கில் 12-தான் கணக்கு, பாக்கி 3.2. ஒரு 5 லிட்டர் கேனில் நாலரை லிட்டர் வைத்திருந்தால் அந்தத் திருப்பத்தில் நின்று 'போகலாமா' என்று யோசிக்கும்போது வானத்தை மட்டும் பார்த்தால் போதும், மீட்டரைப் பார்க்க வேண்டியதில்லை. நினைத்த இடத்தில் திரும்பும் உரிமையை அந்தக் கேன்தான் வாங்கித் தருகிறது.

கேனை விளிம்புவரை நிரப்பாதீர்கள். உயரம் ஏற ஏற உப்பும். மூடியை ஒரேயடியாகத் திறந்தால் பீய்ச்சும், கால் திருப்பு திருப்பிக் காற்றை விட்டுவிட்டுத் திறக்க வேண்டும். சைலன்சர் பக்கம் கட்டக் கூடாது. டேங்கில் இடம் வந்தவுடன், பாங் கிராமத்தில் டீக்கு நிற்கும்போதே, முழுவதையும் ஊற்றிவிடுங்கள். பெட்ரோலைக் கேனில் சுமக்கும் தூரம் குறைவது நல்லது. நுப்ராவிலிருந்து ஷியோக் ஆற்றங்கரை வழியாகப் பாங்காங் போய் காருவுக்கு வரும் சுற்றும் முந்நூறு கி.மீ.க்குச் சற்றுத்தான் குறைவு. திஸ்கித்தில் நிரப்பாமல் அந்தப் பக்கம் திரும்பாதீர்கள்.

கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர்களுக்கு: கரும்புகை கக்கினால் ஏர் ஃபில்டரைக் கழற்றி எறியச் சொல்லும் மெக்கானிக் யாராவது வழியில் கிடைப்பார். கேட்காதீர்கள். அந்தத் தூசி நேரே சிலிண்டருக்குப் போகும். ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். ஒரு எண் சிறிய மெயின் ஜெட்டை (கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் துளையுள்ள பாகம்) ஊரிலேயே வாங்கி வைத்துக்கொண்டு லேயில் மாற்றிக்கொள்ளுங்கள். திரும்பிச் சமவெளிக்கு இறங்கும்போது மறக்காமல் பழையதைப் போட வேண்டும், இல்லையென்றால் பெட்ரோல் போதாமல் எஞ்சின் சூடேறிவிடும். ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகள் கலவையைத் தாமே சரிசெய்துகொள்ளும். சக்தி குறைவதை மட்டும் எந்தக் கம்ப்யூட்டராலும் தடுக்க முடியாது.

காலை ஐந்து மணி

ஓடைகள் பனியின் கடிகாரப்படி ஓடுபவை. இரவில் மேலே உறைந்திருக்கும். காலையில் கணுக்கால் அளவு. வெயில் ஏறி உருகிய நீர் கீழே வந்து சேர மதியமாகும். இரண்டு மணிக்கு அதே இடத்தில் முழங்கால், மாலையில் அதற்கும் மேல். பாரலாச்சாவுக்குக் கீழே ஜிங்ஜிங்பார் பகுதி, ஷியோக் சாலை, இரண்டும் இப்படித்தான். இதற்குச் சாமர்த்தியம் எதுவும் உதவாது, நேரம்தான் உதவும். மலையில் தினமும் ஐந்து, ஐந்தரைக்கு வண்டி நகர்ந்தாக வேண்டும். கூடவே ஒரு மறுவிதி: அன்றைய கடைசிக் கணவாயைப் பிற்பகல் இரண்டு மணிக்குள் தாண்ட முடியாது என்று தெரிந்தால், எந்த ஊரில் இருக்கிறீர்களோ அங்கேயே நிற்பது. எந்த ஊர் என்பது முக்கியமில்லை. ஹோட்டலுக்கு முன்பணம் கட்டாமல் இருப்பதன் அருமை அன்றைக்குத் தெரியும்.

ஓடையைக் கடப்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வண்டிகள் நிரந்தரமாகக் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். முதலில் வண்டியை நிறுத்தி இறங்குங்கள். ஒரு லாரி கடக்கும்வரை காத்திருந்து, அதன் சக்கரம் எவ்வளவு மூழ்குகிறது, எங்கே குதிக்கிறது என்று பாருங்கள். நீர் அகலமாகப் பரந்து சலசலக்கும் இடம் ஆழம் குறைவு. குறுகி அமைதியாக ஓடும் இடம்தான் ஆழம். பின்னால் இருப்பவரை இறக்கிவிடுங்கள். முதல் கியர், கிளட்சை முழுக்க விட்டுவிட்டு, ஆக்சிலரேட்டரை ஒரே அளவில் பிடித்து, கண் எதிர்க்கரையில். முன்சக்கரத்தைக் குனிந்து பார்த்தால் வண்டி அங்கேயே போய் நிற்கும். நடுவில் கிளட்ச் பிடித்துத் தயங்கினால் வேகம் செத்துவிடும், உருண்டைக் கல் ஒன்று சக்கரத்தைத் திருப்பிவிடும். வண்டி சாய்வதானால் நீர் போகும் பக்கம்தான் சாயும். அதன் அடியில் கால் சிக்கக் கூடாது, எனவே உதவிக்கு நிற்பவர் அந்தப் பக்கத்தில் நிற்க வேண்டாம்.

விழுந்து எஞ்சினுக்குள் நீர் போய்விட்டால், கரையேற்றியதும் கை தானாக ஸ்டார்ட்டரைத் தேடும். அந்தக் கையைத் தடுத்துவிடுங்கள். காற்றை அமுக்கலாம், நீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வரும் வேகத்தில் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதற்குப் பிறகு லாரிதான். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். அதன் துளையை நோக்கி யாரும் குனிந்திருக்காமல் பார்த்துக்கொண்டு, மெதுவாகக் கிக் செய்தோ, கிக்கர் இல்லாத வண்டியில் மேல் கியரில் போட்டுத் தள்ளியோ நீரை வெளியேற்றுங்கள். ஏர் பாக்ஸைத் திறந்து ஃபில்டரைப் பிழிந்து உலர்த்துங்கள். எண்ணெய் பார்க்கும் கண்ணாடியில் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் தெரிந்தால் எண்ணெயிலும் நீர் சேர்ந்துவிட்டது. மாற்றாமல் ஓட்டக் கூடாது. ஒரு லிட்டர் ஆயில் சுமப்பது இதற்காக. கடந்து வந்தபின் பிரேக்கை லேசாகப் பிடித்தபடி நூறு மீட்டர் ஓட்டிக் காயவையுங்கள். நனைந்த சாக்ஸோடு 4,500 மீட்டரில் ஓட்டினால் அரை மணியில் விரல் உணர்விழக்கும். உலர்ந்த சாக்ஸ் இரண்டு ஜோடி, அதன்மேல் போட இரண்டு பிளாஸ்டிக் கவர், எடுக்கத் தோதாக மேல் பையில்.

காலி நாட்கள்

சென்னையிலிருந்து ஜம்மு 2,800 கி.மீ. அளவில். நாளுக்கு 450 முதல் 500 என்றால் ஆறு நாள். லடாக்கில் பன்னிரண்டு நாள், மணாலியிலிருந்து திரும்ப ஆறு, ஏழு நாள். இருபத்து நான்குக்குக் கீழே வராது. அதன்மேல் நான்கு நாள் எழுதாமல் வையுங்கள். ஒன்று ஜம்மு-ஸ்ரீநகர் நிலச்சரிவுக்கு, ஒன்று லடாக் உள்ளே, ஒன்று மணாலி சாலைக்கு, ஒன்று வண்டிக்கு. லே ஓய்வு நாட்களை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. லீவு பதினைந்து நாள்தான் என்றால் நாட்களை நசுக்காமல் தூரத்தை வெட்டுங்கள்: வண்டியை ஜம்முவுக்கோ சண்டிகருக்கோ ரயிலில் அனுப்பலாம். டேங்கைச் சுத்தமாகக் காலி செய்து, ஆர்.சி., அடையாள அட்டை நகல்களோடு, கண்ணாடிகளைக் கழற்றிச் சாக்கு சுற்றிக் கொடுக்க வேண்டும். லக்கேஜாகப் போட்டால் உங்கள் ரயிலிலேயே வர வாய்ப்பு அதிகம், பார்சல் என்றால் இடம் கிடைக்கும்போது ஏற்றுவார்கள். எனவே வண்டி உங்களுக்கு நான்கு நாள் முன்னால் புறப்படட்டும். மணாலியில் வாடகைக்கு எடுத்து லே வந்தால் அந்த வண்டியில் நுப்ரா, பாங்காங் சுற்ற உள்ளூர் வண்டிச் சங்கத்தினர் விடமாட்டார்கள். லேயில் வேறு எடுக்க வேண்டியிருக்கும்.

மாதம் எது என்றால், செப்டம்பர். ஜூனில் நாக்பூர் முதல் ஜான்சி வரை 45 டிகிரி வெயிலைத் தாண்டிப் போக வேண்டும்; ஜூலை, ஆகஸ்ட் மழையில் மண்டி-மணாலி சாலை சரியும். ஆகஸ்ட் கடைசியில் புறப்பட்டால் சமவெளி பச்சையாக இருக்கும், மேலே உருகும் பனி குறைந்து ஓடைகள் அடங்கியிருக்கும். செப்டம்பர் முடிவதற்குள் மணாலிக்கு இறங்கிவிடுங்கள். அக்டோபரில் பாரலாச்சாவில் எப்போது வேண்டுமானாலும் பனி கொட்டும்.

வண்டி வேலை எல்லாம் ஒரு மாதம் முன்னால் முடிய வேண்டும். கிளம்புவதற்கு முதல் நாள் செய்த சர்வீஸின் குறைகள் கர்னூல் பக்கத்தில்தான் தெரிய வரும். செயின் செட் 20,000 கி.மீ. தாண்டியிருந்தால் மாற்றி, புது டயர் போட்டு, 500 கி.மீ. ஓட்டிப் பாருங்கள். ஆயிலுக்கு ஒரு மாற்று லேயில்.

பாகங்களில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு கிளட்ச் கேபிள். அது பெரும்பாலும் லீவர் முனையில்தான் அறும். நிப்பிள் (கம்பி முனையில் உள்ள குண்டு) சுழலாமல் இறுகி, கம்பி இழை ஒவ்வொன்றாக மடங்கி மடங்கி ஒடியும். அட்ஜஸ்டரை இரண்டு நாளைக்கொருமுறை திருப்ப வேண்டியிருக்கிறது, லீவர் சொரசொரக்கிறது என்றால் உள்ளே இழைகள் போய்க்கொண்டிருக்கின்றன. புதுக் கேபிளைப் பையில் வைப்பதற்குப் பதில், ஊரிலேயே உள்ளே சில சொட்டு எஞ்சின் ஆயில் விட்டு, பழைய கேபிள் போகும் அதே பாதையில் பக்கத்தில் ஓட்டி, ஜிப் டை போட்டு, இரு முனையிலும் நீர் புகாமல் இன்சுலேஷன் டேப் சுற்றி விட்டுவிடுங்கள். அறுந்தால் இரு முனையை மட்டும் மாற்றினால் போதும், பத்து நிமிட வேலை. இல்லையென்றால் பல வண்டிகளில் டேங்கையே கழற்ற வேண்டும், அதுவும் விரல் விறைக்கும் குளிரில். ஆக்சிலரேட்டர் கேபிளுக்கும் அப்படியே. மற்றபடி இரண்டு லீவர், பிளக், ஃபியூஸ், செயின் லாக், பிரேக் பேட், எம்-சீல், ஏர் பம்ப். ஸ்போக் சக்கரம் என்றால் முன், பின் டியூபும் டயர் லீவரும். டியூப்லெஸ் பிளக் கிட் அந்தச் சக்கரத்துக்கு உதவாது.

அவிழ்த்துவிட வேண்டியவை

சமவெளியில் எதையும் பதிவு செய்ய வேண்டாம். மாலை நான்கரைக்கு எந்த ஊர் வருகிறதோ அது உங்கள் ஊர். வண்டியை உள்ளே விட இடமிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நாக்பூருக்கும் சிவனிக்கும் நடுவே சாலை பெஞ்ச் புலிக்காட்டைக் கடக்கிறது, விலங்குகள் கீழே போக மேம்பாலங்கள் கட்டியிருக்கிறார்கள். அதைப் பகலில் கடக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

லடாக்கில் பெரிய ஹோட்டல் தேவையே இல்லை, ஹோம்ஸ்டே எல்லாக் கிராமத்திலும் உண்டு. கார்கில்-லே நடுவே லாமாயுருவிலோ ஆல்ச்சியிலோ மனம் நின்றால் நிற்கலாம். இரண்டும் லேயின் உயரத்தைத் தாண்டிப் பெரிதாகப் போகவில்லை, எனவே 'இரவு உயரம்' கட்டம் கெடாது. நுப்ராவில் இன்னொரு நாள் தோன்றினால் துர்துக் போங்கள். 1971 போரில் இந்தியா வசம் வந்த கிராமம், 2010-இல்தான் பயணிகளுக்குத் திறந்தார்கள். உயரம் இன்னும் தாழ்வு, ஆப்ரிகாட் மரங்கள். ஹான்லே மட்டும் கடைசியில் வைத்துக்கொள்ள வேண்டிய ஆசை, 4,300 மீட்டரில் இரவு. அங்குள்ள தொலைநோக்கியைப் பெங்களூரு பக்கம் ஹோஸ்கோட்டேயிலிருந்து செயற்கைக்கோள் இணைப்பில் இயக்குகிறார்கள். நம் காவலூர் வானாய்வகத்தை நடத்தும் அதே நிறுவனம். கோலார் வழியாகப் போகிற சென்னைக்காரர்கள் முதல் நாளே அந்த ஊரைக் கடந்துவிடுகிறார்கள்.

இந்தச் சுதந்திரத்துக்கும் சில காகிதம் வேண்டும். லேயில் கட்டணம் கட்டி, தேவைப்பட்டால் அனுமதியும் எடுக்கும்போது, போகப்போவதில்லை என்று நினைக்கும் இடத்தையும் சேர்த்து எல்லாப் பெயரையும் போடுங்கள். சோதனைச் சாவடியில் நின்றபின் பெயர் சேர்க்க முடியாது. விதிகள் ஆண்டுக்காண்டு மாறுபவை, கிளம்பும் மாதம் லே நிர்வாகத்தின் தளத்தைப் பாருங்கள். தமிழ்நாட்டு ப்ரீபெய்டு சிம் ஜம்மு எல்லையிலேயே செத்துவிடும். போஸ்ட்பெய்டாக மாற்றுவதை இரண்டு வாரம் முன்பே முடியுங்கள். வண்டி உங்கள் பெயரில் இல்லையென்றால் உரிமையாளரின் கடிதம். வீட்டில் தினமும் பேசுவதாக வாக்குக் கொடுக்க வேண்டாம். 36 மணி நேரம் செய்தி வராவிட்டால் கடைசியாகச் சொன்ன ஊரிலிருந்து விசாரிக்கலாம் என்று சொல்லி வையுங்கள். ஒவ்வொரு பங்கிலிருந்தும், ஒவ்வொரு ஹோம்ஸ்டேயிலிருந்தும், அடுத்து எந்தப் பக்கம் போகிறீர்கள் என்று ஒரு வரி அனுப்பினால் போதும்.

டேங்க் மேல் ஒட்டும் துண்டுச் சீட்டில் நான் எழுதச் சொல்வது நான்கே விஷயம்: அடுத்த பங்க் எத்தனை கி.மீ., அன்றைய கணவாய்கள், இரவு உயரம், எதிர்ப்படும் ராணுவ அல்லது அரசு மருத்துவ முகாம். அகலமான செல்லோ டேப்பை மேலே ஒட்டிவிட்டால் மழையில் கரையாது. பெருவிரல் கையுறைக்குள் இருக்கும்போது போனைத் திறக்க முடியாது, சீட்டைப் படிக்கலாம்.

டயர் காற்றையும் அதே சீட்டின் ஓரத்தில் குறித்து வையுங்கள். ஊரில் 28 பி.எஸ்.ஐ. வைத்த டயர் உயரத்தில் வெளிக்காற்று குறைவதால் கூடுதலாகக் காட்டும். குளிர் அதில் ஒரு பங்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். அதைப் பார்த்து லேயில் 28-க்கு இறக்கியிருந்தால், இறங்கும்போது கணக்கு தலைகீழாகும். மணாலியில் ஒரு தரம், சமவெளி தொட்டதும் இன்னொரு தரம் அளந்து நிரப்புங்கள். பின் பிரேக் பேடின் தடிமனையும் அங்கேயே பாருங்கள். பாரலாச்சாவிலிருந்து இறங்கும் நாள் அதைத் தின்றிருக்கும். ஓடை நீர் பட்ட சக்கர பேரிங்கைப் பிடித்து ஆட்டி, ஆட்டம் இருந்தால் அம்பாலாவுக்கு முன்னால் மாற்றிவிடுங்கள். மிச்சம் இன்னும் இரண்டாயிரத்து சொச்சம் கி.மீ. இருக்கிறது.